கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஏழேகால் மணி நேரம்!

1932-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ந் தேதி. சனிக்கிழமை. விடியற்காலை.

கராச்சி நகரில் டிரிக் ரோடு விமான நிலையம். அங்கே ஒரு சின்ன விமானம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரே ஒரு என்ஜின். மூக்கில் ஒரே ஒரு விசிறி. 'புஸ் மாத்' என்று பெயர். அது ஒரு வகை அந்துப்பூச்சியின் பெயர். பெயருக்கு ஏற்றபடிதான் விமானமும் இருந்தது!

அதற்குள் தபால் பையை ஏற்றினார்கள். லண்டனிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய கடிதங்கள் அவை. எடை முப்பது கிலோ கூட இல்லை. ஓர் ஆள் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

ஒல்லியான, உயரமான வாலிபர் ஒருவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். வயது 28. பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. ஓட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் தாமே ஓட்ட வேண்டும் என்று வந்திருந்தார்.

மணி 6-35. விமானம் மேலே எழும்பியது.

ஏர் இந்தியா பிறந்த கதை இதுதான். அந்த வாலிபர், ஜே.ஆர்.டி. டாட்டா.

கடற்கரையில் பிறந்த ஆசை

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது அவருடைய முழுப்பெயர். 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா பார்சி. ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்கு அடிகோலிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் நெருங்கிய உறவினர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. பிள்ளைக்கு முதலில் வாயில் வந்த மொழியும் பிரெஞ்சுதான்.

பிரான்ஸ் நாட்டின் வடக்குக் கரையில் ஹார்டெலோ என்று ஓர் ஊர் உண்டு. கோடை விடுமுறைக்கு டாட்டா குடும்பம் அங்கே போகும். பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் சாமானியமானவர் அல்ல. 1909-ம் ஆண்டில் விமானத்தில் ஏறி இங்கிலீஷ் கால்வாயை முதன் முதலாகத் தாண்டிய லூயி பிளேரியோதான் அவர்!

பிளேரியோவின் விமானம் அந்தக் கடற்கரை மணலிலேயே வந்து இறங்கும். மற்றப் பிள்ளைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

15 வயதில், அதே ஹார்டெலோவில், அவன் முதன் முதலாக விமானத்தில் ஏறினான். சிறிது நேரச் சவாரிதான். ஆனாலும், ஒருநாள் நானும் விமானம் ஓட்டுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அந்த நாளுக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டி வந்தது.

படிப்பு நின்றது

ஜே.ஆர்.டி. காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்து என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று துடித்தார். தந்தையோ, படித்தது போதும், வந்து தொழிலைப் பார் என்று பம்பாய்க்கு அழைத்துவிட்டார். படிக்க முடியாமல் போன ஏக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

1925-ம் ஆண்டு முடிவில், சம்பளம் இல்லாமல் வேலை பழகுகிறவராக டாட்டா கம்பெனியில் சேர்ந்தார். ஜான் பீட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் அறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு வரும் காகிதம் ஒவ்வொன்றும் இந்த இளைஞரின் மேஜையைத் தாண்டித்தான் பீட்டர்சனிடம் போகும்.

இந்தப் பீட்டர்சனை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறார்.

மறு வருஷமே தந்தை இறந்துபோனார். தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 22 வயதில் குடும்பப் பாரம் முழுவதும் அவர் தோளில் விழுந்தது.

நம்பர் 1

பம்பாயில் விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் கிளப் ஒன்று திறந்தார்கள். செய்தி கேட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களில் ஜே.ஆர்.டி.யும் ஒருவர். சில மணி நேரப் பயிற்சியிலேயே, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டிவிட்டார்.

1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி லைசென்சு கிடைத்தது. அதில் போட்டிருந்த நம்பர், 1. இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி லைசென்சு அது!

அதே வருஷத்தில் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே தனி ஆளாக விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். எந்தப் பக்கத்திலிருந்தும் புறப்படலாம்.

1930-ம் ஆண்டில் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டார். எதிர்த் திசையில், இங்கிலாந்திலிருந்து கராச்சியை நோக்கி ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயதுப் பையன் வந்துகொண்டிருந்தான்.

எகிப்து நாட்டில் அபூகீர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். பையன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். அவனுடைய என்ஜினுக்கு ஒரு ஸ்பார்க் பிளக் தேவை. அந்த இடத்தில் பிளக்குக்கு எங்கே போவது?

ஜே.ஆர்.டி. தம்மிடம் உபரியாக இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார்.

போட்டியில் ஜெயித்தது யார்? ஆஸ்பிதான்! ஜே.ஆர்.டி. லண்டன் போய்ச் சேருவதற்குச் சில மணி நேரம் முன்னதாக அவன் கராச்சியில் இறங்கிவிட்டான். ஜே.ஆர்.டி. அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. அந்தப் பையன் பிற்காலத்தில், 1960-ம் ஆண்டில், இந்திய விமானப் படைக்கே தலைவர் ஆனார்.

மூன்று வருஷ இழுபறி

நெவில் வின்சென்ட் என்று ஒருவர். பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். இவர் 1929-ல் ஜே.ஆர்.டி.யிடம் ஒரு யோசனையோடு வந்தார்.

அந்த வருஷத்தில்தான் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் வரத் தொடங்கியிருந்தது. ஏழு நாளில் வந்துவிடும். ஆனால் கராச்சியில் இறங்கிய பிறகு? பம்பாய்க்கும் சென்னைக்கும் எழுதிய கடிதங்கள் ரயிலில் ஏறிச் சுற்றிச் சுற்றி வரும். ஆயிரக்கணக்கான மைல் ஆகாயத்தில் பறந்து வந்த கடிதம், கடைசி வழியில் ஊர்ந்து வந்தது.

கராச்சியில் அதை வாங்கி, பம்பாய் வழியாகச் சென்னை வரை நாம் விமானத்தில் கொண்டுபோனால் என்ன? இதுதான் வின்சென்டின் யோசனை.

ஜே.ஆர்.டி. துள்ளிக் குதித்தார். ஆனால் கம்பெனித் தலைவர் சர் தோராப்ஜி டாட்டாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. விமானமாவது, வியாபாரமாவது என்று தயங்கினார். அப்போது பீட்டர்சன்தான் பரிந்து பேசினார். மூலதனம் இரண்டு லட்ச ரூபாய்தானே, பையன்கள் ஆசைப்படுகிறார்கள், செய்யட்டும் என்று பெரியவரைச் சம்மதிக்க வைத்தார்.

வீட்டுப் பெரியவர் சம்மதித்தார். சர்க்கார் சம்மதிக்க வேண்டாமா?

மானியம் கொடுக்க மாட்டோம் என்றது வெள்ளைக்கார சர்க்கார். குறைந்த மானியம் கேட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. கடைசியில், மானியமே வேண்டாம், தபாலின் எடைக்கு ஏற்ற கூலி கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். 1932-ம் ஆண்டு ஏப்ரலில்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தபால் குறைந்தால் நஷ்டம் முழுவதும் டாட்டாவுடையது.

மனம் இளகிச் சம்மதித்த தோராப்ஜி அந்த விமானம் பறந்ததைப் பார்க்கவில்லை. ஜூன் மாதத்தில் காலமாகிவிட்டார்.

அந்த ஏழேகால் மணி நேரம்

கராச்சிக்கும் பம்பாய்க்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 880 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் கணக்கில் ஏறக்குறைய 550 மைல்.

ஆனால் ஜே.ஆர்.டி. நேராகப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நேர்வழியில் பாதிக்கு மேல் கடலும் கட்ச் வளைகுடாவும் சதுப்பும் குறுக்கிடும். இருப்பதோ ஒரே என்ஜின். அது நின்றால் தண்ணீரில்தான் விழ வேண்டும். ஒரே மூச்சில் பம்பாய் வரை போகப் பெட்ரோலும் காணாது. ஆகவே முதலில் கிழக்கே ஆமதாபாத். பிறகு தெற்கே திரும்பிப் பம்பாய். இப்படிப் போனால் தூரம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 100 மைல். எதிர்க்காற்று அடித்தால் அதுவும் குறையும்.

விமானத்தில் ரேடியோ கிடையாது. தரையிலிருந்து வழி சொல்ல ஆள் கிடையாது. தேசப் படமும் திசைகாட்டியும் தம் கண்களுமே துணை. கீழே கட்ச் தேசத்து உப்பு வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையாகக் கிடக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் வயலும் ஊரும்.

ஆமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! பர்மா ஷெல் கம்பெனி, நாலு காலன் டின்களில் அடைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வைத்திருந்தது. ஆகாயத்தில் பறக்கிற வண்டிக்கு மாட்டு வண்டி தீனி கொண்டு வந்தது!

டின் டினாக ஊற்றி முடித்ததும் மறுபடி புறப்பட்டார்.

பிற்பகல் 1-50. பம்பாய் ஜூஹு மைதானத்தில் விமானம் தரையைத் தொட்டது. கராச்சியில் கிளம்பி, ஆமதாபாத்தில் நின்று, பம்பாய் சேர்ந்தது வரை ஆன நேரம் ஏழேகால் மணி. காலையில் கராச்சியில் இருந்த கடிதம், அன்று மாலைக்குள் பம்பாய் வீடுகளுக்குப் போகலாம்!

சென்னைக்கு வந்தது

ஜூஹுவில் இன்னொரு புஸ் மாத் தயாராக நின்றது. அதில் வின்சென்ட். சென்னைக்கு உரிய தபாலை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். பெல்லாரி போவதற்குள் பொழுது சாய்ந்தது. இரவில் பறக்க வழி இல்லை. அங்கேயே தங்கினார். பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்து ஊர்தான். மறுநாள் 16-ந் தேதி சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

கம்பெனிக்குச் சொத்து இந்த இரண்டு சின்ன விமானங்கள். வேலை செய்ய விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். வாரம் ஒரு முறை தபால்.

ஜூஹு மைதானம் என்றதும் இன்றைய விமான நிலையத்தை எண்ணிக்கொள்ளக் கூடாது. அது கடலோரத்து மண் தரை. மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். ஆகையால் மழை பிடித்ததும் மூட்டை முடிச்சோடு பூனாவுக்குப் போய்விடுவார்கள். காந்திஜியைச் சிறை வைத்திருந்த எரவாடா ஜெயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண் மைதானம். அங்கிருந்து பறப்பார்கள்.

இப்படியெல்லாம் இருந்தும், முதல் வருஷத்தில் ஒரு நாள் கூட தபால் நேரம் தவறவில்லை. சர்க்கார் அறிக்கையே பாராட்டியது. அந்த வருஷத்தில் பறந்த தூரம் 1,60,000 மைல். சுமந்த தபால் 10 டன்னுக்கு மேல். ஏறிய பிரயாணிகள் மொத்தம் 155 பேர். தபால் பைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து போன புண்ணியவான்கள் அவர்கள்! லாபம் 60 ஆயிரம் ரூபாய். மானியம் இல்லாமல்!

பிறகு வழி நீண்டது. 1935-ல் திருவனந்தபுரம். 1938-ல் சென்னையைத் தாண்டிக் கொழும்பு. அந்த 1938-ல்தான் ஜே.ஆர்.டி. டாட்டா கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் தலைவர் ஆனார். வயது 34.

1942-ம் ஆண்டு, யுத்த காலம். விமானத் தொழிற்சாலை அமைக்கும் வேலையாக இங்கிலாந்து போயிருந்த வின்சென்ட், திரும்பி வரும்போது விமானத்தோடு மறைந்துபோனார். உயிர் நண்பரை இழந்த ஜே.ஆர்.டி. கலங்கிப் போனார். வின்சென்ட் இல்லாவிட்டால் டாட்டா விமானக் கம்பெனியே இல்லை என்று கடைசி வரை எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

1946-ல் கம்பெனியின் பெயர் ஏர் இந்தியா ஆயிற்று. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, 'மலபார் இளவரசி' என்ற பெரிய விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அதில் ஜே.ஆர்.டி.யும் மனைவி தெல்மாவும் இருந்தார்கள். 1953-ல் விமானக் கம்பெனிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நேருஜி கேட்டுக்கொண்டபடி தலைவராக நீடித்தார். 25 வருஷம். சம்பளம் ஒரு பைசா வாங்கவில்லை.

விமானத்தில் ஏறினால் அவர் கண் சும்மா இருக்காது. திரைத்துணி கசங்கியிருக்கிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, கொடுத்த பானம் தேநீரா காப்பியா என்று தெரியும்படி இருக்கிறதா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். குறை கண்டால் மறுநாள் கடிதம் பறக்கும்.

நடுவில் ஓர் எல்லை

1947-ல் தேசம் இரண்டாயிற்று. கராச்சி பாகிஸ்தானுக்குப் போயிற்று.

1932-ல் அவர் பறந்தபோது இரண்டும் ஒரே பம்பாய் மாகாணத்து ஊர்கள்! சிந்து தேசம் அப்போது அந்த மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. பதினைந்தே வருஷத்தில் அவை வேறு வேறு நாட்டு ஊர்கள் ஆகிவிட்டன.

1962-ல், முப்பதாவது வருஷ விழாவுக்காக, ஜே.ஆர்.டி. அதே வழியில் மறுபடி ஒரு சின்ன விமானத்தை ஓட்டி வந்தார். அதற்குப் பிறகு 1965-லும் 1971-லும் இரண்டு யுத்தங்கள். ஆகாய வழி அடைபட்டது. 1976-ல்தான் இரண்டு நாட்டுக்கும் மறுபடி விமானம் பறந்தது. ஜெட் விமானத்துக்குக் கராச்சியிலிருந்து பம்பாய் ஒன்றரை மணி நேர வழி. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ஜனங்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள்.

1978-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜே.ஆர்.டி.க்கு ஓர் இடி விழுந்தது. மொரார்ஜி தேசாய் சர்க்கார் அவரை ஏர் இந்தியா தலைவர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. அவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய இடத்துக்கு வரப்போகிறவர் மூலமாகத்தான் செய்தியே அவருக்குத் தெரிந்தது. தாம் பெற்று வளர்த்த பிள்ளையைப் பறித்துக்கொண்டதுபோல் மனம் நொந்தார்.

78 வயதில்

1982-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி.

பம்பாய் ஜூஹுவில் பெரும் கூட்டம். எல்லோரும் வடக்கே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கராச்சியிலிருந்து ஒரு விமானம் வர வேண்டும். ஜெட் விமானம் அல்ல. 'லெப்பர்ட் மாத்' என்ற பழைய, ஒற்றை என்ஜின் விமானம். ஓட்டி வருகிறவர் ஜே.ஆர்.டி. தனியாக. வயது 78.

வீட்டில் இப்படி ஒரு தாத்தா இருந்தால், மாடிப்படி ஏறவே யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனையோ பேர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. நாட்டில் இளைஞர்கள் சோர்ந்து கிடக்கிறார்கள், அந்த நாளில் தங்களுக்கு இருந்த உற்சாகத்தை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பதவியில் இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. விமானம் ஓட்டப் பதவி எதற்கு?

அதே வழி. கராச்சி, ஆமதாபாத், பம்பாய். அதே கட்ச் உப்பு வெளி. ஆனால் நடுவில் இப்போது கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு. இரண்டு சர்க்கார்களின் அனுமதியோடு அதைத் தாண்டினார்.

ஜூஹுவுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. மெல்ல மெல்லப் பெரிதாகி, அந்துப்பூச்சி மாதிரி இறங்கியது. கதவு திறந்தது. ஒல்லியான, உயரமான கிழவர் இறங்கி வந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன் அதே மைதானத்தில் இறங்கிய அதே ஆள்!

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. மறு வருஷம் நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில் காலமானார். பிறந்த ஊரான பாரீசில் அடக்கம் செய்தார்கள்.

ஏர் இந்தியா 2022-ம் ஆண்டு ஜனவரியில் டாட்டாவின் கைக்கே திரும்பி வந்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவருக்கொருவர் ஆகாய வழியை மறுபடி அடைத்தன. ஜே.ஆர்.டி. ஏழேகால் மணியில் வந்த ஊருக்கு, அப்போது ஒரு பிரயாணி துபாய் போன்ற ஊரில் இறங்கி, வேறு விமானம் ஏறித்தான் வர வேண்டியிருந்தது. அப்படிச் சுற்றி வந்தால் வழி 3,000 கிலோமீட்டருக்கு மேல்.

ஜூஹு மைதானம் மூடப்படவில்லை. ஜே.ஆர்.டி. தபால் பையோடு இறங்கிய அந்த இடத்தில், பிற்காலத்தில் ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்கின.